வாசல் கொடியில் ‘ஹம்மிங்பேர்ட்’ கூடா? பழவேற்காட்டுத் தேன்சிட்டும் செல்போன் கேமராவும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

கோடை தொடங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு படம் வந்துவிடும். வாசலில் துணி காயப்போடும் கொடியின் முனையில் குப்பை போல ஏதோ ஒன்று தொங்கும். அதன் நடுவே சிறு ஓட்டை. ஓட்டையில் இரண்டு மஞ்சள் வாய்கள். கீழே, “எங்க வீட்டு வாசல்ல ஹம்மிங்பேர்ட் குஞ்சு பொரிச்சிருக்கு!” என்று ஒரு வரி.

மறுநாள் இன்னொரு படம், இன்னும் கிட்டத்தில். அடுத்த நாள் ஒரு வீடியோ. பக்கத்து வீட்டார் வந்து பார்க்கிறார்கள், சொந்தக்காரர்களும் வருகிறார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கூடு காலி. “காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு போல” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆனால் அங்கே கூடு இருப்பதைக் காகத்துக்குக் காட்டிக்கொடுத்தது யார்?

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலும் சிறு பறவைகள் மனிதர்களுக்கு மிக அருகில்தான் கூடு கட்டுகின்றன. கூட்டில் குஞ்சுகள் வளர்வதைப் படமெடுக்கும் ஆசை இயல்பானது. அந்த ஆசை பறவைக்கு என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, கெடுதல் இல்லாமல் படமெடுக்க வழி உண்டா என்று பார்ப்போம்.

ஹம்மிங்பேர்ட் நம்ம ஊரில் உண்டா?

இல்லை. ஹம்மிங்பேர்ட் குடும்பத்தில் ஏறக்குறைய 360 வகைகள் இருக்கின்றன. அத்தனையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்பவை. இந்தியாவில் ஒன்றுகூட இயற்கையாக இல்லை. கியூபாவில் வாழும் தேனீ ஹம்மிங்பேர்ட்தான் உலகின் மிகச் சிறிய பறவை. அதன் எடை சுமார் 2 கிராம்.

நாம் பார்ப்பது தேன்சிட்டு. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் பரவியுள்ள இந்தக் குடும்பத்தில் 140-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இரண்டுமே சிறியவை, மினுமினுப்பவை, நீண்ட அலகால் பூவில் தேன் குடிப்பவை. ஆனாலும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஒரே மாதிரி வேலையைச் செய்யும் இரண்டு உயிர்கள் தனித்தனியாகவே ஒரே மாதிரி உருவம் பெறுவதைப் பரிணாமத்தில் ‘குவி பரிணாமம்’ என்பார்கள். அதற்குப் பாடப்புத்தக உதாரணம் இந்த இரண்டும்.

வித்தியாசம் காண்பது எளிது. ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டாலும் சில நொடிகள் சிறகடித்து அந்தரத்தில் நிற்க முடியும். ஆனால் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். கூட்டிலும் வித்தியாசம் உண்டு. ஹம்மிங்பேர்ட் கட்டுவது மேலே திறந்த சின்னக் கிண்ணம். தேன்சிட்டு கட்டுவது பக்கவாட்டில் வாசல் வைத்த தொங்கும் பை. ஆகவே கொடியில் பை தொங்கினால் அது ஹம்மிங்பேர்ட் இல்லை.

சாயங்கால நேரத்தில் பூக்களின் முன் அந்தரத்தில் நின்று ரீங்காரமிடும் ஒன்றைப் பார்த்து, “ஹம்மிங்பேர்ட்டேதான்” என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் பறவையே அல்ல, பருந்து அந்துப்பூச்சி.

டச்சு ஆளுநரின் பெயரில் ஒரு தேன்சிட்டு

தமிழகக் கடலோரத்தில் பரவலாகக் காணக்கூடிய தேன்சிட்டுகள் மூன்று. ஊதாத் தேன்சிட்டில் ஆண் வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும், நிழலில் கறுப்பாகத் தெரியும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டில் ஆணின் வயிறு பளிச்சென்ற மஞ்சள். மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. வளைந்து நீண்ட அலகுதான் இதன் அடையாளம். மூன்றிலும் பெண் பறவை மங்கலான பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும். கூட்டில் அடைகாக்கும்போது கண்ணில் படாமல் இருக்க அதுதான் வசதி.

லோட்டன் என்ற பெயருக்குப் பின்னே ஒரு கதை உண்டு. யோவான் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்தவர். இலங்கையில் பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவர் என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைய வைத்தார். அவர் நினைவாகவே அந்தத் தேன்சிட்டுக்கு அப்பெயர். அதே டச்சு கம்பெனிதான் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாகப் பல பத்தாண்டுகள் இருந்த ஊர் இது. பறவையைப் படமாக்கி வைத்துக்கொள்ளும் ஆசை கேமராவுக்கும் முந்தியது என்பதற்கு லோட்டன் ஒரு சாட்சி.

வாசலில் ஏன் கூடு கட்டுகிறது?

தேன்சிட்டின் கூடு பார்வைக்குக் குப்பைதான். காய்ந்த புல், நார், மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, சில சமயம் காகிதக் கிழிசல் என்று எல்லாம் இருக்கும். இவற்றை ஒட்டவைக்கும் பசை சிலந்தி நூல். அந்த நூல் இழுபடும், அறுந்துபோகாது. குஞ்சுகள் வளர வளரப் பையும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். உள்ளே மெத்தையாக எருக்கம் பஞ்சு போன்ற மென்மையான நார். வாசலுக்கு மேலே தாழ்வாரம் போல ஒரு சிறு நீட்டல். கட்டுவது பெண் பறவை.

குப்பை போலத் தெரிவதுதான் இந்தக் கூட்டின் பாதுகாப்பு. காற்றில் மாட்டிக்கொண்ட சருகு என்று காகம் நினைத்துக் கடந்துபோக வேண்டும். இரண்டாவது பாதுகாப்பு, தொங்கும் இடம். மெல்லிய கிளையின் நுனியிலோ கொடியிலோ தொங்கினால் பாம்பும் அணிலும் வந்து சேர்வது கடினம். மூன்றாவது பாதுகாப்பு மனிதர்கள். ஆள் நடமாட்டம் உள்ள திண்ணைக்கு வேட்டையாடும் பறவைகள் வரத் தயங்கும்.

கடலோரக் குப்பங்களில் பெரிய மரங்கள் குறைவு. ஒரு முருங்கை, ஒரு பூவரசு, வேலியோரம் கருவை, வீட்டு முன்னால் கொடி, வலை மாட்டும் கம்பு. அங்கே தேன்சிட்டுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். வலை வேலை நடக்கும் திண்ணையில் அது பயப்படாமல் கூடு கட்டுவதற்குக் காரணம், அங்குள்ளவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போய் வருவதுதான். பறவை பழகியிருப்பது அந்த நடமாட்டத்துக்கு. கூட்டுக்கு முன்னால் ஒருவர் நின்று முகத்துக்கு நேரே எதையோ நீட்டுவது அதற்கு முற்றிலும் வேறு விஷயம்.

முட்டை முதல் முதல் பறத்தல் வரை

வழக்கமாக இரண்டு முட்டைகள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் முட்டை பொரிக்க 14 முதல் 16 நாட்கள் ஆகும். பொரித்த பிறகு குஞ்சுகள் ஏறக்குறைய 17 நாட்கள் கூட்டில் இருக்கும். ஆக, கூட்டில் முட்டை விழுந்ததிலிருந்து குஞ்சு பறக்கும் வரை மொத்தமே ஒரு மாதம் சொச்சம்.

பொரித்த குஞ்சுக்கு இறகு கிடையாது, கண் திறந்திருக்காது. உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. தாய் மேலே உட்கார்ந்து சூடு கொடுத்தால்தான் உயிர் தங்கும். வெயில் நேரடியாகப் பட்டாலும் ஆபத்து, காற்றில் குளிர்ந்தாலும் ஆபத்து.

சில நாட்களில் தோலில் முள் முள்ளாக இறகுக் குருத்துகள் முளைக்கும். கண் திறக்கும். இரண்டாம் வாரத்தில் அந்த முட்கள் விரிந்து இறகாகும். தலைகள் வாசலில் தெரியத் தொடங்கும். எல்லோரும் கேமராவை எடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

தேன் குடிக்கும் பறவைதானே, குஞ்சுக்கும் தேன்தான் ஊட்டும் என்று பலர் நினைப்பார்கள். குஞ்சு வளரப் புரதம் வேண்டும். அதனால் பெற்றோர் ஊட்டுவதில் சிலந்திகளும் சிறு பூச்சிகளும் முக்கியம். பகல் முழுக்க விடாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டில் தந்தையும் ஊட்டும், பறந்த பிறகும் சில நாட்கள் ஊட்டுவதைத் தொடரும். ஹம்மிங்பேர்டிலோ முழுப் பொறுப்பும் தாயின் தலையில்தான்.

ஒரு போட்டோவால் என்ன கெட்டுவிடும்?

நியாயமான கேள்வி. ஒரு படம், தூரத்திலிருந்து, ஒரு நிமிடம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கூட்டுப் படம் ஒன்றோடு நிற்பதில்லை. குஞ்சு வளர்வதைக் காட்ட வேண்டுமென்றால் தினமும் வர வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, பசி. கூட்டருகே ஆள் நின்றால் தாய் வராது. வாயில் பூச்சியோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து ‘சிட் சிட்’ என்று கத்திக்கொண்டிருக்கும். “அம்மா எவ்வளவு அழகா போஸ் கொடுக்குது” என்று நாம் நினைக்கும் அந்த நேரம், அதற்குப் பதற்றமான நேரம். அரை மணி நேரம் நின்றால் அவ்வளவு நேரமும் குஞ்சுகளுக்குச் சாப்பாடு இல்லை, சிறு குஞ்சாக இருந்தால் சூடும் இல்லை.

இரண்டாவது, காகம். ஆட்கள் அடிக்கடி கூடும் இடத்தையும் தாய்ப்பறவை பதறிக் கத்தும் இடத்தையும் காகம் கவனிக்கும். நாம் போன பிறகு அது வந்து பார்க்கும். மீன் காயப்போடும் குப்பங்களில் காகத்துக்குப் பஞ்சமில்லை. பூனைக்கும்தான்.

மூன்றாவது, இலைகளை விலக்குவது. படத்தில் மறைக்கிறதே என்று ஒரு கிளையை ஒடிப்பார்கள் அல்லது கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். அந்த இலைதான் கூட்டுக்குக் குடையும் திரையும். அது போனால் நண்பகல் வெயில் நேரே உள்ளே விழும்.

நான்காவது, அவசரப் பறத்தல். கடைசி மூன்று நான்கு நாட்களில் குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய தயாராக இருக்கும், ஆனால் முழுசாகத் தயாரில்லை. அப்போது முகத்தருகே போனை நீட்டினால் பயத்தில் வெளியே குதித்துவிடும். பறக்கத் தெரியாமல் தரையில் விழுந்த குஞ்சு, பூனைக்கு இரை.

ஐந்தாவது, கைவிடுதல். கூடு கட்டும்போதும் முட்டையிட்ட ஆரம்ப நாட்களிலும் தொந்தரவு அதிகமானால் தாய் கூட்டையே விட்டுவிட்டுப் போகலாம். அதுவரை போட்ட உழைப்பு முழுவதும் வீண்.

மேற்கத்திய நாடுகளில் கூட்டுப் படங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கியர்டன் சகோதரர்கள் 1892-இலேயே முட்டைகளோடு ஒரு கூட்டைப் படமெடுத்தவர்கள். பறவையை ஏமாற்ற, பதப்படுத்திய மாட்டுத் தோலுக்குள் ஒளிந்துகூடப் படமெடுத்தார்கள். அந்தக் காலத்தில் கேமராவும் பளுவானது, அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் சிலர்தான். இன்று ஒவ்வொரு கையிலும் கேமரா. உலகெங்கும் பல புகைப்படப் போட்டிகளும் பறவை ஆர்வலர் குழுக்களும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்ற முடிவுக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

ஏரிக்கரையில் இன்னொரு ஆபத்து: காலுக்குக் கீழே கூடு

பழவேற்காட்டுக்குக் கேமராவோடு வருபவர்களில் பெரும்பாலோர் பூநாரைக்காக வருபவர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் அந்தக் கூட்டங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கோடையில் ஏரி வற்றி, சேற்றுத் திட்டும் மணல் திட்டும் வெளியே தெரியும்போது வேறு சில பறவைகளின் இனப்பெருக்க காலம் தொடங்குகிறது.

ஆட்காட்டி, உப்புக்கொத்தி, பவளக்கால் உள்ளான் போன்றவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றிக் கிளிஞ்சல், கூழாங்கல். முட்டை மணல் நிறம். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. படத்துக்காகத் தாயைப் பின்தொடர்ந்து நடப்பவர், அடுத்த கூட்டை மிதித்துவிடுவார். உப்புக்கொத்தி சிறகொடிந்தது போல நொண்டிக்கொண்டே ஓடினால், “பாவம், அடிபட்டிருக்கு” என்று பின்னால் போகக் கூடாது. கூட்டிலிருந்து உங்களை வேறு பக்கம் இழுக்க அது செய்யும் தந்திரம் அது. வந்த வழியே, அடி பார்த்துத் திரும்புவதுதான் சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இல் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். துப்பாக்கியால் சுடுவதும் வலை வைப்பதும் மட்டும் வேட்டை அல்ல. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் பிரிவு 2(16)-இன்படி வேட்டைக்குள் வருகிறது.

பழவேற்காட்டில் கூடுதலாக ஒன்று. ஏரியின் தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்குள் நுழைய, படமெடுக்க, வனத்துறை அனுமதி தேவைப்படும். 2022-இல் திருத்தப்பட்ட சட்டம், வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், வாழிடத்துக்கும் உயிரினங்களுக்கும் பாதிப்பு இல்லாமல் எடுக்கப்படும் படங்களுக்கே அனுமதி என்று தெளிவாகச் சொல்கிறது.

உங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்கும் கூட்டைப் பார்த்ததற்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் கூட்டைப் பிய்த்து எறிவதும், குஞ்சை எடுத்துக் கையில் வைத்துப் படமெடுப்பதும் விளையாட்டு அல்ல, குற்றம்.

அப்போ படமே எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். ஆனால் பறவை உங்களைக் கவனிக்காத தூரத்திலிருந்து. சில எளிய வழிகள்:

• வீட்டுக்குள்ளிருந்து எடுங்கள். ஜன்னல், கதவிடுக்கு, திரைச்சீலை ஆகியவையே நல்ல மறைவிடம். கேமரா இருந்தால் 300 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ். போன் மட்டும்தான் என்றால், கிட்டே போவதற்குப் பதில் கொஞ்சம் மங்கலான படத்தோடு திருப்தியடையுங்கள்.

• தாய் போவதையும் வருவதையும் கவனியுங்கள். நீங்கள் நிற்கும்போதும் அது வழக்கம்போல் வந்து ஊட்டிவிட்டுப் போனால் தூரம் சரி. கிளையில் உட்கார்ந்து கத்தினாலோ, வாயில் இரையோடு காத்திருந்தாலோ, நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். உடனே விலகுங்கள்.

• ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். தினமும் வேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒரு படம் எடுத்தாலே வளர்ச்சி நன்றாகத் தெரியும். முட்டைப் பருவத்திலும் கடைசி நாட்களிலும் தவிருங்கள்.

• ஃப்ளாஷ் வேண்டாம். இலையைத் தொட வேண்டாம். ‘செல்ஃபி ஸ்டிக்’கைக் கூட்டுக்குள் விடவே வேண்டாம். பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு வரவழைக்கவும் கூடாது.

• போனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். படத்தைக் குஞ்சுகள் பறந்த பிறகு பகிருங்கள். பகிரும்போது ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் தேவையில்லை.

• கொடியில் கூடு இருந்தால், ஒரு மாதத்துக்கு இன்னொரு கொடி கட்டிக்கொள்ளுங்கள். அருகில் நைலான் வலைத் துணுக்குகளையும் தூண்டில் நரம்பையும் விடாதீர்கள். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் அதனால் விடுவித்துக்கொள்ள முடியாது.

குஞ்சு கீழே விழுந்தால் என்ன செய்வது?

“மனுஷன் கை பட்டா தாய் சேர்த்துக்காது” என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அது உண்மையல்ல. பெரும்பாலான பறவைகள் கை வாசனைக்காகக் குஞ்சை ஒதுக்குவதில்லை. இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால், மெதுவாக எடுத்துக் கூட்டில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். கூடே அறுந்து விழுந்திருந்தால், அதே இடத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

இறகு முழுவதும் முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகும் குஞ்சு தொலைந்துபோன குஞ்சு அல்ல. அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத ஒரு கிளையில் உட்கார வைத்தால் போதும். பெற்றோர் தேடி வந்து ஊட்டும். தண்ணீரையோ பாலையோ வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஒரு போட்டோ ஊரையே இருட்டில் உட்கார வைத்த கதை

கூட்டுப் படம் எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்லிவிட முடியாது. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில் 2020-இல் நடந்தது நினைவிருக்கலாம். தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. அதைப் பார்த்த இளைஞர் ஒருவர் போனில் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும், தொடாவிட்டால் தெருவே இருட்டு. ஊர் கூடிப் பேசியது. “ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் இருக்கணுமா?” என்று முதலில் தயக்கமும் இருந்தது. கடைசியில் விளக்கைப் போடுவதில்லை என்று முடிவானது. குஞ்சுகள் வளர்ந்து பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேல், அந்தத் தெருக்கள் இருட்டிலேயே கிடந்தன.

அங்கேயும் படம் எடுக்கப்பட்டது, பகிரவும் பட்டது. ஆனால் அந்தப் படம் கூட்டத்தைக் கூட்டுக்கு அழைக்கவில்லை, அங்கிருந்து விலகி நிற்கச் சொன்னது.

பழவேற்காட்டுக் குப்பத்துத் திண்ணையில் தொங்கும் கூட்டுக்கும் தேவைப்படுவது ஒரு மாதம்தான். அதுவரை அந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும். பதினேழாம் நாள் வாக்கில் ஒரு காலையில் கொடியில் வரிசையாக இரண்டு குட்டை வால் குஞ்சுகள் உட்கார்ந்திருக்கும், எதிரே தாய் அழைத்துக்கொண்டிருக்கும். எடுக்க வேண்டிய படம் அதுதான். கூட்டுக்குள் எட்டிப் பார்த்து எடுத்த எந்தப் படத்தையும்விட அது அழகாகவும் இருக்கும்.